மலைநாட்டைக் காணச் செல்வோர்க்கு

இலங்கையிற் பிறந்தவர் எவரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் மலைநாட்டைக் கண்டுவர விழைவர். பனையும் மணலுமாய்ப் பரந்த வடபுலத்தார்க்கும், வாவியும் வயலுமாய் விரிந்த கீழ்ப்புலத்தார்க்கும், வானளாவிய மலையும், அதன் தோளிலிருந்து வெண்டுகில் போல் வீழும் அருவியும், கைக்கெட்டும் தொலைவில் தவழும் முகிலும் என்றும் புதுமையே. பாடசாலை மாணவரின் கல்விச் சுற்றுலாவில் மலைநாடு இடம்பெறாதிருத்தல் அரிது. சித்திரை பிறந்தால் நுவரெலியாவிற் கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அத்தகைய மலைநாட்டின் மேனியில் 2025 ஆம் ஆண்டு பல புதிய வடுக்களை விட்டுச் சென்றது. அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா என்னும் சூறாவளி, கீழ்க்கரையை அடுத்து மெல்ல நகர்ந்து வடக்கு நோக்கிச் சென்றது. அது கொணர்ந்த பெருமழையாலும் மண்சரிவாலும் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 25 மாவட்டங்களும் பாதிப்புற்றன. எனினும் உயிரிழப்பு மிகுந்தவை கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மலை மாவட்டங்களே. மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுபட்டது. மகாவலி பெருகிக் கம்பளையை நீரில் ஆழ்த்தியது.

இதன்பின் இருவகை வினாக்கள் எழுந்தன. “இனி அங்கே சுற்றுலாச் செல்வது முறையா?” என்று ஒரு சாரார் வினவினர். “எங்கும் பழையபடி பச்சை படர்ந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?” என்று மற்றொரு சாரார் வினவினர். முதல் வினாவுக்கு விடை எளிது: செல்லலாம், செல்லுதல் நன்று. இரண்டாம் வினாவுக்கு விடை கூறுவது அத்துணை எளிதன்று. ஒரு நிலம் அழிவிலிருந்து தேறிவிட்டது என்பதை எதனைக் கொண்டு அறிவது? அதனை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நிலத்தைப் பார்ப்பதற்குத் தமிழர் வகுத்த முறை ஒன்றுண்டு. ஐந்திணை கண்ட நம் முன்னோர், நிலத்தைத் தனியே வைத்துப் பாடவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றனர். அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் மக்கள் செய்யும் தொழிலும் கருப்பொருள் என்றனர். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து நிகழ்ச்சியை உரிப்பொருள் என்றனர். அதற்கே தலைமை தந்தனர். சுற்றுலாச் செல்லும் நாமோ பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகிறோம். மலையைக் கண்டோம், பனியைக் கண்டோம், படம் பிடித்தோம், திரும்பினோம் என்பதோடு நம் காட்சி முடிந்துவிடுகிறது. அழிவுக்குப் பின் மலைநாட்டைக் காண்பதற்கு அப்பார்வை போதாது. முதல், கரு, உரி என்னும் மூன்றையும் வரிசையாகக் காணல் வேண்டும்.

முதலில் நிலத்தைக் காண்போம். கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை உலகின் எழில்மிகு பாதைகளுள் ஒன்று எனப் புகழ்பெற்றது. றம்புக்கனையிலிருந்து ஏறத் தொடங்கும் அது கடுகண்ணாவையைக் கடந்து, பேராதனையிலே தென்புறம் திரும்பி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா வழியாகப் பட்டிப்பொலவில் ஏறத்தாழ 1,898 மீற்றர் உயரத்தை அடைகிறது. பின்னர் அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என இறங்கிப் பதுளையில் முடிகிறது. கண்டிக்கு 1867 இலும், நானுஓயாவுக்கு 1885 இலும் வந்த பாதை பதுளையைத் தொட்டது 1924 இலேதான். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம் 1921 ஆம் ஆண்டுக்குரியது.

இப்பாதை எதற்காக அமைக்கப்பெற்றது? காட்சிக்காக அன்று, கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காகவே. நாம் இயற்கை எழில் என்று போற்றும் பசிய சரிவுகளும் அவ்வாறே மனிதர் கையால் ஆனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடு ஏக்கர் ஏக்கராக வெட்டி எரிக்கப்பட்டு, கோப்பி நடப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. மலைச்சரிவைப் பிணித்து நின்ற பெருமரங்களின் ஆழ்ந்த வேர்கள் மறைந்தன. அவ்விடத்தை இடுப்பளவு உயரத்தில் கவ்வாத்துச் செய்யப்பட்ட செடிகள் பெற்றன. சாளரத்தினூடே விரிந்து செல்லும் அப்பச்சைக் கம்பளம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வயதுடையது. அக்கம்பளத்தின் கீழுள்ள மலையோ பலகோடி ஆண்டு பழைமையானது.

அம்மலை ஏன் சரிகிறது? நம் மலைகள் பெரும்பாலும் உருமாறிய பாறைகளால் ஆனவை. வெப்பமும் ஈரமும் மிக்க நம் காலநிலையில் இப்பாறைகள் நெடுங்காலமாக வானிலையாலழிந்து, மேலே பல மீற்றர் தடிப்புள்ள மண்ணாய்க் கிடக்கின்றன. முன்னைய சரிவுகளில் உருண்டுவந்த கல்லும் மண்ணும் பள்ளங்களிற் குவிந்து கிடப்பதும் உண்டு. இம்மண்போர்வை, தன் துகள்களின் பிணைப்பாலும் அடிப்பாறையோடு கொண்ட உராய்வாலும் சரிவிலே தங்கி நிற்கிறது. மழைநீர் உட்புகுந்து மண்ணின் நுண்ணிடைவெளிகளை நிரப்பும்பொழுது இரண்டு தீங்குகள் ஒருங்கே நிகழ்கின்றன. மண்ணின் பாரம் கூடுகிறது. உள்ளே தேங்கிய நீரின் அமுக்கம் துகள்களை ஒன்றிலிருந்தொன்று விலக்கி, பிடிப்பைத் தளர்த்துகிறது. பாரம் கூடப் பிடிப்புக் குறையுமாயின் மலையின் ஒரு பகுதி கழன்று வீழ்வதில் வியப்பில்லை.

மழையின் பாரத்தை நாம் எளிதில் உணர்வதில்லை. 150 மில்லிமீற்றர் மழை என்று வானொலியிற் கேட்கிறோம். ஒரு சாண் அளவுகூட இல்லையே என்று எண்ணுகிறோம். ஓர் ஏக்கர் நிலத்தில் அம்மழை பெய்யின் வந்து வீழும் நீர் ஏறத்தாழ ஆறு இலட்சம் லீற்றர். அதன் நிறை அறுநூறு தொன்னுக்குச் சற்று மேல். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் தண்ணீர்ப் பவுசர் அறுபதை ஒரே நாளில் ஓர் ஏக்கர் சரிவின்மேல் கவிழ்ப்பதற்கு ஒப்பானது அது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கைக்கு வகுத்துள்ள அளவுகளும் இக்கணக்கை ஒட்டியவையே. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினால், அல்லது ஒரே மணியில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேறிவிட வேண்டும். டித்வா போன்று மெல்ல நகரும் சூறாவளி காற்றினும் மழையாற் கொடியதாவது இதனாலேயே. விரைந்து கடக்கும் புயல் கூரையைப் பெயர்க்கும். தயங்கி நிற்கும் புயலோ மலையையே பெயர்த்துவிடும்.

இவ்வழிவு எதிர்பாரா வகையில் முதன்முறை வந்ததுமன்று. வடகீழ்ப் பருவக்காற்றையும் அதற்கு முந்திய இடைப்பருவ மழையையும் ஏற்கும் பதுளை, நுவரெலியாப் பகுதிகளில் ஐப்பசி முதல் தை வரை ஆபத்துக் காலம். தென்மேல் பருவக்காற்றை எதிர்கொள்ளும் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் வைகாசியும் ஆனியும் ஆபத்துக் காலம். 1986 சனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகள் உயிர்கள் பலவற்றைக் கொண்டன. அதன் பின்னரே ஆபத்தான சரிவுகளை முறையாக அளந்து படம் வரையும் பணி முனைப்புற்றது. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுட் புதைந்தன. 2016 மே 17 ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, அடிவாரத்து ஊர்களை மூடியது. பருவமும் இடமும் ஒத்துவருவதை நோக்குக.

மலை, வீழுமுன் சில குறிகளைக் காட்டுவதுண்டு. நேராய் நின்ற மரமும் வேலிக்கம்பும் சாய்தல், சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்புக் காணுதல், கதவும் சன்னலும் சட்டத்தில் இறுகுதல், நீரூற்றில்லா இடத்தில் ஊற்றுக் கசிதல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியன அவை. மலைநாட்டுப் பிள்ளைகள் மட்டுமன்றி, அங்கே சுற்றுலாச் செல்வோரும் இக்குறிகளை அறிந்திருத்தல் நலம். மழை ஓய்ந்தவுடன் ஆபத்தும் ஓய்ந்ததென எண்ணலாகாது. மேலே பெய்த நீர் மண்ணினூடே கீழிறங்கிச் சேர நேரம் கொள்ளுமாதலின், வெயில் எறித்த பின்னரும் மலை சரிவதுண்டு.

அடுத்து, கருப்பொருளைக் காண்போம். மண் சரிந்த இடம் முதலிற் செந்நிறப் புண்ணாய்த் தோன்றும். ஆனால் நம் நாட்டு மழையும் வெயிலும் அப்புண்ணை நெடுநாள் வெளித்தெரிய விடுவதில்லை. ஒன்றிரண்டு பருவமழை பெய்ததும் மானாப்புல்லும் பன்னமும் கொடியும் படர்ந்து செம்மண்ணை மூடிவிடும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு மலை மீண்டும் பச்சையாய்த் தோன்றும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகிறது. எல்லாப் பச்சையும் ஒரே பச்சையன்று.

தேயிலைச் செடி ஒன்று மண்ணோடு போனால், மறுநாளே அவ்விடத்தில் மற்றொன்றை நட்டுவிட இயலாது. மேல்மண்ணை இழந்த நிலத்துக்கு உயிரூட்டுவதற்கு மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை வளர்த்து, வெட்டி, மண்ணின் மேலேயே பரப்புதல் வேண்டும். அதன் பின்னரே தேயிலைக் கன்று நடலாம். கன்று செடியாகிக் கொழுந்து தர மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டு செல்லும். ஆகவே நிலம் பச்சையான நாளுக்கும், அந்நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு தரும் நாளுக்கும் இடையே நான்கைந்து ஆண்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைப் புகையிரதச் சாளரம் நமக்குக் காட்டாது. பெருந்தோட்டம் ஒன்று அதனைத் தாங்கிக் கொள்ளலாம். அரை ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் சிற்றுடைமையாளன் எங்ஙனம் தாங்குவான்? காய்கறித் தோட்டக்காரன் நிலை சற்று மேலானது. கரட்டும் லீக்ஸும் சில மாதங்களிற் பயன்தரும். ஆயினும் மேல்மண் அடித்துச் செல்லப்பட்ட பாத்தியில் அவையும் செழிப்பதில்லை. ஓர் அங்குல மண் உருவாக இயற்கைக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். அதனை அள்ளிச் செல்ல ஓர் இரவு போதும்.

அள்ளிச் சென்ற மண் எங்கே போயிற்று? அது மலையடிவாரத்தோடு நின்றுவிடுவதில்லை. மலைநாட்டு ஓடைகள் பல மகாவலியிற் சேர்வன. அம்மண் கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா முதலிய நீர்த்தேக்கங்களில் வண்டலாய்ப் படிந்து, அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. அந்நீரை நம்பி வட மத்திய சமவெளியிலும் கீழ்ப்புலத்திலும் வயல்கள் விளைகின்றன. அந்நீரைக் கொண்டே மின்னாற்றலும் பெறுகிறோம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் தென்பால் கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. ஆகவே மலைச்சரிவின் மண்ணைக் காப்பது மலைநாட்டாரின் கவலை மட்டுமன்று. மூதூர் உழவனுக்கும் அதிற் பங்குண்டு.

தோட்டத்துத் தமிழில் ‘கான்’ என்றொரு சொல் உண்டு. சரிவின் குறுக்கே, ஏறக்குறையச் சமவுயரக்கோட்டை ஒட்டி வெட்டப்படும் வடிகாலே அது. மேலிருந்து பாயும் நீரை ஆங்காங்கே தடுத்து, பக்கவாட்டில் மெல்ல வழிநடத்தி, கல் பதித்த வாய்க்காலிற் சேர்ப்பது அதன் தொழில். கான் தூர்ந்தால் நீர் வழிதவறி மண்ணுட் புகும். ஆண்டுதோறும் மழைக்கு முன் கான் வெட்டித் துப்புரவாக்கும் பணி, கண்ணுக்குத் தோன்றாத பணி. செலவு மிகுந்த, உடனடி ஊதியம் காட்டாத பணி. தோட்டங்களில் வேலையாள் குறைந்து, வருவாயும் சுருங்கும்பொழுது முதலிற் கைவிடப்படுவன இத்தகைய பணிகளே. ஒரு மலை தேறி வருகிறதா என்பதை அறிய விரும்பும் பயணி, புல்லின் பசுமையை நோக்குவதினும் கானின் துப்புரவை நோக்குவது பயனுடைத்து.

இனி உரிப்பொருளுக்கு வருவோம். மலைச்சரிவில் யார் வாழ்கின்றனர்? ஏன் அங்கே வாழ்கின்றனர்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்க்குத் தோட்டத் துரைமார் கட்டிக் கொடுத்தவை லயன்கள். ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பிரா ஒன்று, முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு: ஒரு குடும்பத்துக்கு இவ்வளவே. தேயிலை நன்கு விளையும் நிலம் தேயிலைக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய சரிவும் பள்ளமும் லயனுக்கு ஒதுக்கப்பட்டன. லயனை எங்கே கட்டுவதென்று தீர்மானித்தவர் அதில் வாழ்ந்தவரல்லர் என்பதை மறத்தலாகாது. ஆபத்தான இடத்தை அவர்கள் தெரிந்தெடுக்கவில்லை. அது அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

அவ்விடத்தை விட்டு நீங்குவதற்கும் அவர்களுக்கு வழி குறைவாயிருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இரு நாடுகளுக்கும் இடையே பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாகக் கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் பெருந்தோட்டக் காணிகள் அரசுடைமையாயின; 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. இத்தனை மாற்றத்துக்கும் இடையே, ஐந்து தலைமுறையாக ஒரே லயனில் வாழ்ந்த குடும்பத்தின் பெயரில் ஒரு துண்டுக் காணியுறுதி எழுதப்படாமலே காலம் கழிந்தது. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்னும் திட்டம் தொடங்கப்பட்டுச் சிலர் பயன்பெற்றமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் லயனில் வாழ்வோர் தொகைக்கு முன் அவ்வீடுகளின் தொகை சிறிது.

மண்சரிவு நேர்ந்தபின் காணியுறுதியின் பெறுமதி தெள்ளத்தெளிவாகத் தெரியவருகிறது. காணியும் வீடும் தன் பெயரில் உடையவன், இழந்ததை எழுத்திற் காட்டி இழப்பீடு கோரலாம். வங்கியிற் கடன் கேட்கலாம். வேறிடம் பார்த்துக் குடிபோகலாம். தான் வாழ்ந்த காம்பிராவே தனக்குரியதன்று என்னும் நிலையிலுள்ளவன், எதனைக் காட்டி எதனைக் கேட்பான்? “ஆபத்தான இடம், வெளியேறுக” என்னும் அறிவித்தல் இருவர்க்கும் ஒரே மொழியிலேதான் வருகிறது. ஆயினும் அவ்வறிவித்தலுக்குக் கீழ்ப்படியும் ஆற்றல் இருவர்க்கும் ஒன்றன்று.

மீரியபெத்தையின் வரலாறு இதற்குச் சான்று. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது; போவதற்கு நிலம் இருக்கவில்லை. 2014 இல் மலை வீழ்ந்தது. உயிர் தப்பியோர் பலர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினர். 2016 இலேயே அவர்களுக்கென 75 வீடுகள் பூனாகலைப் பகுதியிற் கையளிக்கப்பட்டன. அவ்வீராண்டுக்குள் மீரியபெத்தையின் செம்மண் வடுவிற் புல் முளைத்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். மலை பச்சையாயிற்று, மக்களோ தொழிற்சாலைத் தரையில் திரையிட்டுப் படுத்திருந்தனர். நிலத்தின் மீட்சியும் மக்களின் மீட்சியும் ஒரே கடிகாரத்தின்படி நடப்பதில்லை.

பாடசாலையைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். மலைநாட்டில் பேரிடர் நேரும்பொழுது மக்கள் ஒதுங்கும் முதலிடம் பாடசாலை. கற்கட்டடமும் கூரையும் கிணறும் மலசலகூடமும் உள்ள பொது இடம் அதுவே. அடைக்கலம் கொடுப்பது பாடசாலைக்குப் பெருமை, அதில் ஐயமில்லை. ஆயினும் வகுப்பறை வாழிடமாகும் காலம் நீள நீள, பிள்ளைகளின் கல்வி முடங்குகிறது. புத்தகமும் சீருடையும் மண்ணோடு போன பிள்ளை, ஒரு தவணை தவறினால் மறு தவணையும் தவறுகிறது. பின்னர்க் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகவோ வீட்டு வேலையாளாகவோ காண்கிறோம். இடிந்த பாலத்தின் செலவைக் கணக்கிடுவோர் உளர். இடைநின்ற படிப்பின் செலவைக் கணக்கிடுவார் இலர். ஓர் ஊர் தேறிவிட்டதா என்று அறிய, அவ்வூர்ப் பாடசாலையின் வரவுப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும்.

இனி, செல்வோர் எவ்வாறு செல்லல் வேண்டும் என்பதைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, செல்லாமல் விடாதீர்கள். எல்லவிலும் அப்புத்தளையிலும் நுவரெலியாவிலும் பல குடும்பங்கள் பயணிகளை நம்பி வாழ்கின்றன. விடுதியாளர் மட்டுமன்று, முச்சக்கர வண்டி ஓட்டுபவரும், நிலையத்தில் வடை விற்கும் பெண்ணும், தெருவோரம் பேரிக்காய் குவித்து விற்கும் முதியவரும் அவர்களுள் அடங்குவர். அனுதாபத்தால் நாம் வீட்டில் இருந்துவிட்டால், சூறாவளி விட்டுச்சென்ற குறையை நாமே நிறைவேற்றியவராவோம்.

இரண்டாவது, காலமும் பாதையும் அறிந்து செல்லுங்கள். புறப்படுமுன் மழை அறிவித்தலையும் மண்சரிவு எச்சரிக்கையையும் புகையிரதப் பாதையின் நிலையையும் விசாரித்தறிதல் கடமை. எச்சரிக்கை உள்ள பகுதிக்கு மாணவரை அழைத்துச் செல்வது எவ்வகையிலும் தகாது. பெருமழைக்கு நடுவே அருவி காணப் போவது வீரமன்று. மலைவீதியில் மண் வெட்டிய உயர்ந்த கரையின் கீழ் வாகனத்தை நிறுத்துவதும் தவிர்க்கத்தக்கது.

மூன்றாவது, துயரத்தை வேடிக்கை பார்க்காதீர்கள். மண் மூடிய இடங்களுட் சில, உடல்கள் மீட்கப்படாத புதைகுழிகள். அங்கே நின்று சிரித்துப் படம் எடுப்பது, பிறர் வீட்டு முற்றத்துச் சாவுப்பந்தலிற் படம் எடுப்பதற்கு ஒப்பாகும். தங்குமிடங்களில் வாழ்வோரின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுவதும் அவ்வாறே. உதவி கொண்டுசெல்வோர், தம் வீட்டில் வேண்டாதவற்றைக் கட்டிக் கொண்டுபோதலாகாது. அவ்விடத்துப் பாடசாலை அதிபரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ முன்கூட்டியே கேட்டு, வேண்டியதை வேண்டிய அளவில் அளித்தல் நன்று.

நான்காவது, கேட்டறியுங்கள். கல்விச் சுற்றுலாவுக்கு வரும் மாணவர், அருவியின் உயரத்தை ஏட்டில் எழுதுவதோடு நில்லாது, மலையின் எந்தப் பக்கம் எந்த மாதத்தில் மழை பெறுகிறது, கான்கள் எப்பொழுது வெட்டப்பட்டன, கொழுந்து பறிக்கும் தாய் எத்தனை மைல் நடந்து மலைக்கு வருகிறாள், அவளது வீடு யாருடைய காணியில் நிற்கிறது என்பவற்றையும் கேட்டு எழுதட்டும். மலைநாட்டார் விருந்தோம்பலிற் குறைந்தவரல்லர். ஒரு கோப்பை வெறுந்தேநீரும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்து, கேட்டதற்கு மேலாகவே சொல்வர். புவியியலும் வரலாறும் குடியியலும் ஒரே சரிவில் ஒருங்கே கிடைக்கும் பாடம் அது.

மழையை வாழ்த்தத் தொடங்கிய வள்ளுவரும், அது அழிக்கவும் வல்லது, ஆக்கவும் வல்லது என்னும் இருபாற் கருத்தை மறக்கவில்லை. மலைநாட்டுக்கு மழை இரண்டையும் செய்கிறது. சரிவை அள்ளிச் செல்வதும் மழை. சரிந்த இடத்திற் புல்லை முளைப்பிப்பதும் மழை. ஆனால் மழையால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. உறுதியான நிலத்தில் ஒரு வீட்டை எழுப்பி, அதன் உறுதியை அதில் வாழ்பவர் பெயரில் எழுதிக் கொடுக்க மழையால் இயலாது. அது மனிதர் செய்ய வேண்டிய பணி.

ஆகவே, மலைநாடு தேறிவிட்டதா என்று கேட்பவர்க்கு நாம் கூறக்கூடிய விடை இதுவே. பச்சை படர்ந்ததா என்று மட்டும் நோக்காதீர்கள். அது தானே படரும். கான்கள் துப்புரவாய் உள்ளனவா, நட்ட தேயிலை கொழுந்து தருகிறதா, பாடசாலையில் பிள்ளைகள் மீண்டும் நிறைந்தனரா, சரிவின்கீழ் வாழ்ந்த குடும்பத்துக்கு அச்சமின்றி உறங்க ஓரிடம் கிடைத்ததா என்று நோக்குங்கள். இந்நான்குக்கும் ஆம் என்று விடை வரும் நாளே மலைநாடு மீண்ட நாள். அந்நாளுக்குப் பின்னரும் புகையிரதம் அதே வளைவுகளில் ஏறும். முகில் அதே மலைகளில் தவழும். அக்காட்சியைக் காணும் கண்ணுக்கு, அப்பொழுது அதன் அழகு இருமடங்காகத் தோன்றும்.